இரண்டாம் வயலின்



மேலைநாட்டு இசைக் கச்சேரிகளில் ஒரு வழக்கம் உண்டு. முதற்பகுதியில் 'கன்செர்ட்டோ'. வயலின் கலைஞர் ஒருவர் முன்னே நின்று வாசிப்பார். இசைக்குழு அவருக்குத் துணை நிற்கும். இடைவேளைக்குப் பின் 'சிம்பொனி'. அதில் தனியே முன்னிற்பவர் இல்லை. குழுவே ஒன்றாக ஒலிக்கும். இசைமேதை மெஹ்லி மேத்தாவின் வாழ்வும் இப்படி இரு பகுதிகளாகவே அமைந்தது.

1908-ல் பம்பாயில் பார்சி குடும்பத்தில் பிறந்த இவர், வயலினைப் பெரும்பாலும் தம் சொந்த முயற்சியால் கற்றார். 1935-ல் பம்பாய் சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கினார். அதில் பார்சிகளோடு கோவா கத்தோலிக்க இசைஞர்களும் வாசித்தனர். கோவாவின் பங்குப் பள்ளிகளில் சிறுவர்களுக்கு வயலினும் இசைக்குறிப்பும் கற்றுத்தரும் வழக்கம் இருந்தது. ஆலயத்தில் விதைத்தது அரங்கத்தில் பலன் தந்தது.

1945-ல், நகரம் அறிந்த கலைஞராக இருந்தபோதே, மேத்தா மீண்டும் மாணவரானார். மனைவியையும் இரு மகன்களையும் பம்பாயில் விட்டு, இவான் கலாமியன் என்ற ஆசிரியரிடம் கற்க நியூயார்க் சென்றார். தந்தை அருகில் இல்லாமல் பிள்ளைகள் வளர்ந்த ஆண்டுகள் அவை. அக்குடும்பம் கொடுத்த விலை சிறியதல்ல.

தாயகம் திரும்பிச் சில ஆண்டுகள் உழைத்தபின், 1950-களில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்குச் சென்றார். பம்பாயில் முன்னே நின்றவர், அங்கே ஹாலே இசைக்குழுவின் வயலின் வரிசையில் ஒருவராக அமர்ந்தார். 1959-ல் அமெரிக்கா சென்று, கர்ட்டிஸ் நால்வர் குழுவில் இரண்டாம் வயலின் வாசித்தார். முதல் வயலின் பாடுவதைத் தாங்கிப் பிடிப்பதே இரண்டாம் வயலினின் வேலை. கேட்பவர் அதைத் தனியே கவனிப்பதில்லை. ஆனால் அது இல்லையென்றால் இசை வெறுமையாகிவிடும்.

1964-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இளைஞர்களுக்கென ஓர் இசைக்குழுவை நிறுவி, 30 ஆண்டுகளுக்கும் மேலாகப் பயிற்றுவித்தார். மூத்த மகன் சுபின் மேத்தா உலகறிந்த இசை நடத்துநரானார். 2002-ல், 94-ஆம் வயதில் மெஹ்லி மேத்தா காலமானார். அவர் பெயரால் 1995-ல் தொடங்கிய அறக்கட்டளை மும்பையில் சிறுவர்களுக்கு இசை கற்பிக்கிறது.

சேரங்கோடு போன்ற நம் மலைப் பங்குகளின் பாடற்குழுக்களிலும் முன்னே நின்று பாடுபவர் உண்டு. பின்வரிசையில் சுருதி சேர்ப்பவரும் உண்டு. தனக்குத் தெரிந்ததை அடுத்த சிறுவனுக்குக் கற்றுத்தருபவர் எத்தனை பேர்? தனியாகப் பாடும் வாய்ப்பு வேறொருவருக்குப் போகும்போது, மகிழ்ச்சியோடு பின்வரிசையில் அமர நமக்கு மனம் வருமா? சிந்திப்போம்.