கல்லுக்குள் பாசி கண்டவர்

மாணவர்களே, வீடு கட்டப் பயன்படும் சுண்ணாம்புக்கல்லுக்குள் ஒரு காலத்துக் கடற்பாசி ஒளிந்திருக்கக்கூடும். அத்தகைய கற்களிலிருந்து பழங்காலத் தாவரங்களை வெளிக்கொணர்ந்தவர்களுள் தலையாயவர் பீர்பல் சாகனி.

அவர் 1891ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள், இன்று பாகிஸ்தானில் உள்ள பேரா என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ருச்சிராம் சாகனி லாகூரில் வேதியியல் பேராசிரியர். விடுமுறை நாள்களில் பிள்ளைகளை இமயமலைச் சாரலுக்கு நடைப்பயணமாக அழைத்துச் செல்வார். செடிகொடிகளைத் திரட்டும் பழக்கம் பீர்பலுக்கு அவ்வாறே வந்தது. பின்னர்க் கேம்பிரிட்ஜில் சீவர்டு என்னும் பேரறிஞரிடம் தொல்தாவரவியல் கற்றுத் தாயகம் திரும்பி, 1921இல் இலக்னோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரானார்.

அக்காலத்தில் அறிஞரிடையே ஒரு வழக்கு நிலவியது. தக்காணத்தை மூடிய எரிமலைக் குழம்பு எக்காலத்தில் பாய்ந்தது? டைனோசர்கள் வாழ்ந்த காலத்திலேயே என்றனர் பலர். அதற்குப் பிந்திய காலத்தில் என்றார் சாகனி. குழம்புப் பாறைகள் தம் வயதைச் சொல்லவில்லை. ஆனால் ஒரு குழம்பு ஆறிய பின்னர், மறு குழம்பு பாயும் முன்னர், இடையில் ஏரிகளும் உப்பங்கழிகளும் இருந்தன. அவற்றின் படிவுகள் இரு பாறைகளுக்கிடையே சிக்கிக்கொண்டன. கோதாவரிக் கரையில் இராஜமுந்திரிக்கு அருகிலுள்ள சுண்ணாம்புக்கல் அத்தகையது.

அக்கல்லை மெல்லிய வில்லையாக அறுத்து, ஒளி ஊடுருவும் வரை தேய்த்து, நுண்ணோக்கியில் வைத்தால் துளைகளுடன் கூடிய சிறு வளையங்கள் தெரியும். அவை பாசியின் உடலன்று. உயிரோடிருந்தபோது பாசி தன் தண்டைச் சுற்றிச் சுண்ணாம்பைப் படியச் செய்தது. தண்டு அழுகிப்போக, சுண்ணாம்புக் குழல் மட்டும் எஞ்சியது. கிளைகள் வெளிவந்த வழிகளே அத்துளைகள். இவ்வகைப் பாசிகளின் உறவினங்கள் இன்றும் வெப்பமான ஆழமற்ற கடல்களில் வாழ்கின்றன. அதே கல்லில் நன்னீரில் வளரும் காரா என்னும் பாசியின் சுருள்வரி கொண்ட கனிகளும் கிடைத்தன. ஆகவே அங்கே ஆறும் கடலும் கலந்திருக்க வேண்டும். என்ன நுட்பமான துப்பு! நாராயண ராவ், ஸ்ரீபாத ராவ் ஆகியோர் இப்பாசிகளை ஆராய்ந்தனர். 1943இல் நாராயண ராவுடன் இணைந்து சாகனியும் காரா வகைத் தொல்பாசி ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுதினார். நம் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல்லிலும் இத்தகைய பாசிகள் உண்டு. அவற்றை 1936இல் இராம ராவும் ஆஸ்திரிய அறிஞர் பியாவும் விளக்கினர்.

பாசிகளும் பனையினப் புதைபடிவங்களும் தம் கருத்துக்கே துணைநிற்பதாகச் சாகனி கருதினார். குழம்பு ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், இரு காலங்களும் சந்திக்கும் எல்லையை ஒட்டிப் பாய்ந்தது என்பது இன்றைய கணிப்பு. எனவே இரு தரப்பிலும் ஓரளவு உண்மை இருந்தது.

இவ்வாராய்ச்சிக்கெனத் தனி நிறுவனம் அமைக்கச் சாகனியும் அவர் துணைவியார் சாவித்திரியும் தம் நூல்களையும் புதைபடிவத் தொகுப்பையும் 1946இல் வழங்கினர். பல்வேறு காலத்துப் புதைபடிவங்களைப் பதித்து உருவாக்கிய அடிக்கல்லை 1949 ஏப்ரல் 3ஆம் நாள் நேரு நாட்டினார். ஒரு வாரத்திற்குள், ஏப்ரல் 10ஆம் நாள், சாகனி மாரடைப்பால் காலமானார்.

நிறுவனப் பொறுப்பைச் சாவித்திரி அம்மையார் ஏற்றார். கட்டடம் 1953இல் திறக்கப்பட்டது. இலக்னோவில் பயிலும் மாணவர்கள் பல்கலைக்கழகச் சாலையில் அதனைக் காணலாம். சாகனியின் நினைவிடமும் அவ்வளாகத்திலேயே உள்ளது.