புதுமைப்பித்தன்: வாழ்ந்தது சென்னையில், எழுதியது நெல்லையை

வேலைக்காகச் சென்னை வந்து, மனசை ஊரிலேயே விட்டுட்டு வந்தவரா நீங்கள்? அப்படின்னா புதுமைப்பித்தன் உங்க ஆளு.

இயற்பெயர் சொ.விருத்தாசலம். 1906-ல் கடலூர் பக்கம் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தாலும், அவருக்கு ஊர் என்றால் திருநெல்வேலிதான். அங்கே இந்துக் கல்லூரியில் பி.ஏ. முடித்தவர், எழுத்தை நம்பிச் சென்னைக்கு வந்தார். 'மணிக்கொடி'யில் கதைகள், பிழைப்புக்கு 'தினமணி' வேலை. பேர் கிடைத்தது, காசு மட்டும் தங்கவே இல்லை.

ஆனால் பேனாவை எடுத்தால் நெல்லைப் பேச்சும் அந்த ஊர்க் குசும்பும் தானாக வந்தன. 'செல்லம்மாள்' கதையைப் பாருங்கள். கணவருக்குச் சென்னைத் துணிக்கடையில் சொற்பச் சம்பளம். ஒரு தடவை ஊருக்குப் போய்வர வேண்டும் என்ற ஆசை நிறைவேறாமலேயே அந்த மனைவி நோயில் இறந்துபோகிறார்.

சினிமாவாவது கைகொடுக்கும் என்று நினைத்தார் புதுமைப்பித்தன். 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதப் புனே போனவர், காசநோயோடுதான் திரும்பினார். 1948-ல், மனைவி கமலாவின் ஊரான திருவனந்தபுரத்தில் இறந்தார். வயது 42.

2002-ல் அவர் எழுத்துகளைத் தமிழக அரசு நாட்டுடைமையாக்கியது. அடுத்த முறை நெல்லை எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகும்போது, போனில் 'செல்லம்மாள்' படிச்சுப் பாருங்க.