வாசிப்பை உரிமையாக்கிய பண்டிதர்: அயோத்திதாசரும் ‘தமிழ’னும்

அயோத்திதாசப் பண்டிதரைத் தமிழ்ப் பௌத்த மறுமலர்ச்சியின் முன்னோடியாக நாம் அறிவோம். எழுதப்பட்ட எதையும் சோதித்து வாசிக்க ஒடுக்கப்பட்ட மக்களைப் பழக்கிய ஆசிரியராக அவரை நாம் போதிய அளவு பேசியதில்லை.

சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் 1845 மே 20 அன்று பிறந்த அவருடைய இயற்பெயர் காத்தவராயன். தம் ஆசிரியரின் பெயரையே பின்னர் தமக்குச் சூட்டிக்கொண்டார். சித்த மருத்துவரான அவருக்கு ஏட்டுச்சுவடி குடும்பச் சொத்து. ஆங்கிலேயரிடம் பணியாற்றிய தம் பாட்டனார் கந்தப்பன் வழியாகத் திருக்குறள் சுவடி எல்லிஸிடம் சேர்ந்த செய்தியை அவரே எழுதிவைத்தார்.

தம் மக்களைப் பற்றிப் பிறர் எழுதும் பதிவு அவர்களின் உரிமையையே தீர்மானிக்கிறது என்பதை அவர் உணர்ந்திருந்தார். எனவே 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்களை ஆதித்தமிழர் எனப் பதியக் கோரினார். 1891இல் திராவிட மகாஜன சபையை நிறுவினார். 1898இல் அடையாறு பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று பௌத்தம் தழுவினார். திரும்பியதும், மயிலாப்பூரை அடுத்த இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார்.

அதே இராயப்பேட்டையிலிருந்து 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ் வெளிவந்தது. நான்கு பக்கம், புதன்தோறும் வெளியீடு, விலை அதன் பெயரிலேயே இருந்தது. மறு ஆண்டு ‘தமிழன்’ எனப் பெயர் மாறிய இதழுக்குக் கோலார் தங்கவயலிலும் கடல் கடந்தும் வாசகர்கள் இருந்தனர். அவர்கள் அனுப்பிய ஐயங்களுக்குப் பண்டிதர் இலக்கியம், நிகண்டு, சுவடி, வழக்காறு ஆகியவற்றைச் சான்றாக வைத்து விடையளித்தார். நந்தனைப் பண்ணையாளாகக் காட்டும் கதையை மறுத்து, அவனைப் பௌத்த அரசனாக எழுதினார். ஒரு கதையை யார் சொன்னார், எப்போது சொன்னார், அதனால் யாருக்கு ஆதாயம் என்னும் கேள்விகள் அவ்வாறு சாமானிய வாசகரின் கைக்கு வந்தன.

அவருடைய சொல்லாராய்ச்சி முடிவுகள் அனைத்தையும் இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. அவற்றையும் சான்று கேட்டு வாசிப்பதே அவருடைய வழியில் நிற்பதாகும்.

1914 மே 5 அன்று பண்டிதர் மறைந்தார். கிண்டியில் இன்று அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. ஆனால் சாதிப் பெருமை பேசும் கட்டுக்கதைகள் வரலாறு என்ற பெயரில் மாணவர்களின் கைபேசிகளை நாள்தோறும் வந்தடைகின்றன. மூலம் எது, எழுதியவர் யார், மாற்றுச் சான்று உண்டா எனத் தேடிப் பார்க்கும் பயிற்சியை ஒவ்வொரு வகுப்பறையிலும் பாடமாக்கக் கோருவது நம் கடமை. நூலக வசதியற்ற சேரிப் பிள்ளைக்கு அது முதலில் கிடைக்க வேண்டும்.