கதிரவனின் உருவப்படம்

ஒருவரின் முகத்தைப் படம்பிடிப்பவர் அதனை உற்றுநோக்கியே அதன் இயல்பை உணர்கிறார். வெறுங்கண்ணால் நோக்கவியலாத முகம் கதிரவனுடையது. அம்முகத்தைப் படமெடுத்து ஆராய்ந்தவர் ஜான் எவர்ஷெட்.

இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் 1864ஆம் ஆண்டு பிறந்த இவர், 1907இல் கொடைக்கானல் வானாய்வகத்திற்கு வந்தார். வானியல் அறிஞரான மனைவி மேரியும் உடன் வந்தார். பழனிமலைத் தொடரில் ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் அமைந்த அவ்வாய்வகத்தின் படக்கருவிகளை எவர்ஷெட் செம்மைப்படுத்தினார்.

கதிரவப் புள்ளிகளில் வளிமங்கள் சுழல்கின்றன என அமெரிக்க அறிஞர் ஹேல் கருதினார். அச்சுழற்சியைக் காணவே எவர்ஷெட்டும் முனைந்தார். 1909ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள், மழை ஓய்ந்து வானம் தெளிந்தது. இரு பெரும்புள்ளிகளின் நிறமாலையைப் படமெடுத்தார். ஒளி தரும் பொருள் நம்மை நோக்கி வந்தால் நிறமாலைக் கோடுகள் ஊதாப் பக்கம் நகரும். விலகிச் சென்றால் சிவப்புப் பக்கம் நகரும். படத்தில் கோடுகள் நகர்ந்திருந்தன. ஆனால், அந்நகர்வு சுழற்சிக்குப் பொருந்தவில்லை. புள்ளியின் நடுவிலிருந்து வளிமம் வெளிநோக்கிப் பாய்வதையே அது காட்டியது. தாம் எதிர்பார்த்ததை விடுத்து, படம் காட்டிய உண்மையை எவர்ஷெட் ஏற்றார். அந்நிகழ்வு இன்று ‘எவர்ஷெட் விளைவு’ எனப்படுகிறது.

1911இல் ஆய்வக இயக்குநரான அவர், 1915இல் இலண்டன் அரச கழகத்தின் உறுப்பினரானார். 1923இல் ஓய்வுபெற்று, 1956இல் மறைந்தார். நூறாண்டுகளுக்கும் மேலாகக் கொடைக்கானலில் எடுக்கப்பட்டுவரும் கதிரவப் படங்கள், விருப்பு வெறுப்பின்றிக் காணும் கண்ணுக்கே உண்மை புலப்படும் என்பதை உணர்த்துகின்றன.