மாவுக்கட்டை அறுத்தெறிந்த நர்சு! இளம்பிள்ளை வாதத்துடன் மோதிய சிஸ்டர் கென்னி

ஆஸ்திரேலியா நாட்டில் குயின்ஸ்லாந்து மாநிலம். டவுனுக்கு வெகு தூரத்தில் ஒரு பண்ணை வீடு. 2 வயதுப் பெண் குழந்தை ஒன்று கட்டிலில் கிடந்து துடித்தது. கை, கால் முறுக்கிக் கொண்டு நின்றன. தொட்டாலே அலறியது.

பார்க்க வந்தவர் ஒரு நர்சு. பெயர் எலிசபெத் கென்னி. என்ன நோய் என்று அவருக்குத் தெரியவில்லை. டூவூம்பா நகரில் இருந்த டாக்டர் மக்டானலுக்குத் தந்தி அடித்தார்.

பதில் வந்தது. இது இளம்பிள்ளை வாதம். மருந்து கிடையாது. கண்ணுக்குத் தெரியும் கோளாறுக்கு ஏற்றபடி முடிந்ததைச் செய்ய வேண்டியதுதான். இதுதான் தந்தியின் சாரம்.

கென்னி முதலில் உப்பைச் சுடவைத்து மூட்டை கட்டி ஒத்தடம் கொடுத்தார். பலன் இல்லை. பிறகு கம்பளியைத் துண்டு போட்டார். கொதிக்கிற தண்ணீரில் முக்கினார். சொட்டுத் தண்ணீர் இல்லாமல் பிழிந்து, முறுக்கிய தசை மீது சுற்றினார். வலி குறைந்தது. குழந்தை தூங்கி விட்டது.

இது 1911ல் நடந்ததாக கென்னி பிற்காலத்தில் தன் சுயசரிதையில் எழுதினார்.

பள்ளிக்கூடம் இல்லாத படிப்பு

கென்னி 1880ம் ஆண்டு செப்டம்பர் 20ந் தேதி நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் வாரியால்டா என்ற ஊரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பெரிய படிப்பு இல்லை.

சிறு வயதில் குதிரையிலிருந்து விழுந்து மணிக்கட்டு ஒடிந்தது. வைத்தியம் பார்த்தவர் இதே டாக்டர் மக்டானல். அவர் வீட்டிலிருந்த உடற்கூறு புத்தகங்களைப் புரட்டிப் புரட்டித்தான் எந்தத் தசை எந்த எலும்பை இழுக்கிறது என்று கென்னி தெரிந்து கொண்டார். நர்சு வேலைக்கு முறையான பயிற்சி பெற்று சர்டிபிகேட் வாங்கியவர் அல்ல. கிராமம் கிராமமாகக் குதிரையில் போய்ப் பிரசவம் பார்த்தார், நோயாளிகளைக் கவனித்தார்.

முதலாவது உலகப்போர் வந்தது. காயம்பட்ட சோல்ஜர்களை ஊருக்குக் கொண்டு வரும் கப்பல்களில் வேலை பார்த்தார். 1917ல் சிஸ்டர் பதவி கிடைத்தது. கன்னியாஸ்திரி என்று பலர் நினைப்பதுண்டு. அது தவறு. ராணுவத்தில் மூத்த நர்சுகளுக்கு அதுதான் பட்டம். கடைசி வரை அதையே பெயருக்கு முன்னால் போட்டுக் கொண்டார்.

அடிபட்டவர்களைக் குலுக்காமல் தூக்கிச் செல்ல ஒரு புது ஸ்டிரெச்சரும் செய்தார். 1927ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்.

கட்டிப் போட்ட கால்கள்

அந்தக் காலத்தில் இளம்பிள்ளை வாதம் வந்த குழந்தையின் பாடு படு மோசம். கை காலுக்கு மட்டை வைத்துக் கட்டி விடுவார்கள். இல்லாவிட்டால் மாவுக்கட்டு. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அசையாமல் கிடக்க வேண்டும்.

டாக்டர்கள் சொன்ன காரணம் இது: ஒரு பக்கத்துத் தசை பலவீனமாகி விட்டால் எதிர்ப்பக்கத்துத் தசை எலும்பை இழுத்துக் கோணலாக்கி விடும். அதனால் அசைய விடக் கூடாது.

ஆனால் கட்டைப் பிரித்துப் பார்த்தால் கால் குச்சியாக இருக்கும். மூட்டு மடங்காது.

கென்னி இதற்கு நேர்மாறாகச் செய்தார். கட்டை எடுத்தார். வெந்நீர்க் கம்பளி ஒத்தடம் கொடுத்தார். மூட்டுகளை மட்டும் மூடாமல் விட்டார். வலி தணிந்ததும் காலை மெல்ல மெல்ல அசைத்துக் கொடுத்தார்.

அத்தோடு விடவில்லை. குழந்தைக்குப் பாடமும் நடத்தினார். இது இந்தத் தசை, இங்கே ஆரம்பிக்கிறது, இங்கே முடிகிறது என்று தொட்டுக் காட்டினார். அந்த இடத்தில் மனதை வைத்து அசைக்கப் பழக்கினார். கால் யாருடையதோ அவருக்கே அதைப் பற்றிச் சொல்லித் தர வேண்டும் என்பது அவர் கொள்கை.

கமிஷன் தீர்ப்பு

1930களில் டவுன்ஸ்வில் நகரில் கென்னி சிகிச்சை நிலையம் தொடங்கினார். கூட்டம் சேர்ந்தது. எதிர்ப்பும் சேர்ந்தது. டாக்டர்கள் கொண்ட ராயல் கமிஷன் விசாரணை நடத்தியது. 1938ல் அறிக்கை வந்தது. மட்டை வைத்துக் கட்டாமல் விடுவது ஆபத்தானது, பெரிய தவறு என்று கமிஷன் அடித்துச் சொல்லி விட்டது.

வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போயிருப்பார்கள். கென்னி 1940ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். அப்போது வயது 59.

நியூயார்க்கிலும் சிகாகோவிலும் யாரும் சரியாகக் காது கொடுக்கவில்லை. கடைசியில் மின்னியாபொலிஸ் நகர டாக்டர்கள் மூன்று பேர் வார்டில் வேலை செய்து காட்டும்படி சொன்னார்கள். வலி குறைவதையும், கை கால் விறைக்காமல் இருப்பதையும் கண்ணால் பார்த்தார்கள். 1942 டிசம்பரில் அவர் பெயரிலேயே அங்கு நிலையம் திறக்கப்பட்டது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மாவுக்கட்டு கழன்றது.

1946ல் அவர் கதை ஆலிவுட் சினிமாவாக வந்தது. ரோசலிண்ட் ரசல் கென்னியாக நடித்தார். 1951ல் நடந்த கருத்துக் கணிப்பில் அமெரிக்க மக்கள் அதிகம் மதிக்கும் பெண்மணியாக கென்னி முதல் இடம் பிடித்தார்.

தவறும் உண்டு

கென்னி சொன்னது எல்லாம் சரி அல்ல. கோளாறு தசையில்தான் என்று கடைசி வரை சாதித்தார். உண்மையில் வைரஸ் கிருமி தண்டுவடத்தில் உள்ள நரம்பு செல்களைக் கொல்கிறது. செத்த செல் திரும்ப வராது. கென்னியின் ஒத்தடமும் அதை மாற்றாது. குணமானவர்கள் கணக்கைக் கூட்டிச் சொன்னார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. எதிர்த்துப் பேசியவர்களிடம் சிடுசிடுத்தார்.

ஆனால் மிச்சம் இருக்கிற பலத்தை வீணாக்காமல் பழக்கி எடுக்கலாம் என்று அவர் காட்டியது நிலைத்து விட்டது. பிசியோதெரபி வளர அது பெரிய உதவியாக இருந்தது.

கென்னி 1952ம் ஆண்டு நவம்பர் 30ந் தேதி டூவூம்பாவில் காலமானார். வயது 72. பக்கத்தில் நாபி என்ற சின்ன ஊரில் அடக்கம் செய்தார்கள்.

3 ஆண்டு கழித்து, 1955ல், அமெரிக்காவில் போலியோ தடுப்பு ஊசி வந்தது. இந்தியாவில் கடைசியாக 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் ஒரு குழந்தைக்கு அந்த நோய் கண்டது. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது.

நோயை விரட்டியது தடுப்பு மருந்து. அது வருவதற்கு முன்னால் படுக்கையில் விழுந்த குழந்தைகளை மாவுக்கட்டிலிருந்து விடுவித்தது சர்டிபிகேட் இல்லாத ஒரு நர்சும், வெந்நீரில் முக்கிய கம்பளித் துண்டும்தான்.