கழற்றிப் பூட்டிய ஜி.டி. நாயுடு

கோவையை அடுத்த கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்தவர் ஜி.டி. நாயுடு. பள்ளிப் படிப்பு அவருக்கு ஏறவில்லை. ஆரம்பப் பள்ளியோடு நின்றுவிட்டது.

வாலிப வயதில், வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டார். அது முதல் அவருக்கு வேறு நினைவே இல்லை! கோவைக்கு வந்து ஓட்டலில் சர்வராக உழைத்துப் பணம் சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து அந்த 'ரட்ஜ்' வண்டியை வாங்கினார்.

சவாரியோடு அவர் திருப்தி அடையவில்லை. வண்டியைப் பாகம் பாகமாகக் கழற்றினார். கழற்றுவது எளிது, சூட்சுமம் பூட்டுவதில்தான் இருக்கிறது. வால்வைத் திறந்து மூடும் பல்சக்கரம் ஒரு பல் தவறிப் பொருந்தினாலும் எஞ்சின் ஒழுங்காக ஓடாது. தவறியிருந்தால், ஓட்டலில் உழைத்த காசு அத்தனையும் பழைய இரும்பாகியிருக்கும். நாயுடு சரியாகப் பூட்டினார். வண்டி ஓடியது!

அந்தக் கைப்பழக்கமே அவருக்குக் கல்லூரி. 1920-ல் பொள்ளாச்சி–பழனி பாதையில் ஒரே பஸ்ஸோடு தொழில் தொடங்கினார். அவரே டிரைவர். 1937-ல் அவரது முயற்சியில் மின்சார மோட்டார் தயாராயிற்று. 1945-ல் அவரது நன்கொடையால் கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் எழுந்தது.

1974-ல் நாயுடு மறைந்தார். ஆரம்பப் பள்ளியோடு படிப்பை நிறுத்திய அவர், பிறர் தொழில் படிக்கப் பள்ளி தந்து சென்றார்.