வாப்பாவின் ஈரலும் லெனெக்கின் குழலும்

வாப்பாவின் ஸ்கான் அறிக்கையில் ‘சிரோசிஸ்’ என்றிருந்தது. உம்மா அதை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டார். குடிகாரருக்கு வரும் நோய் என்று ஊரார் கதைப்பார்களே என்ற பயம். வாப்பா மதுவைத் தொட்டும் பார்க்காதவர். இருபது வருடமாக அவருக்கு நீரிழிவுதான். இந்தப் பெயரை யார் வைத்தார் என்று கல்லூரி நூலகத்தில் தேடினேன்.

ரெனே லெனெக். பிரான்ஸின் பிரிட்டனிப் பகுதியில், கெம்பேர் நகரில் 1781இல் பிறந்தவர். சிறுவயதிலேயே தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். நான்த் நகரில் வைத்தியராயிருந்த தந்தையின் சகோதரர்தான் அவரை வைத்தியத்தின் பக்கம் திருப்பினார்.

1816இல் இதயநோயுள்ள ஓர் இளம்பெண்ணைச் சோதிக்க வேண்டியிருந்தது. அவளது நெஞ்சில் காதை வைத்துக் கேட்பது முறையல்ல என்று எண்ணியவர், தாள்களைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். இதயத்துடிப்பு முன்னெப்போதையும்விடத் தெளிவாகக் கேட்டது. ஒரு பெண்ணின் கூச்சத்தை மதித்ததில் பிறந்ததா ஸ்டெதஸ்கோப் என்று எங்கள் வகுப்பே வியந்தது! புல்லாங்குழல் வாசிக்கத் தெரிந்த அவர், பின்னர் மரத்தைத் தாமே கடைந்து அக்கருவியைச் செய்தார்.

1819இல் வெளியான அவரது நூலில்தான் அந்தப் பெயர் வருகிறது. இறந்தவரின் ஈரல் சுருங்கி, பழுப்பு மஞ்சள் மணிகளாக இருக்கக் கண்டு, அந்நிறத்திற்குரிய கிரேக்கச் சொல்லிலிருந்து பெயரிட்டார். பெயரில் இருப்பது நிறம் மட்டுமே, மது இல்லை. ஆனால் அந்த மணிகளை ஏதோ புதிய வளர்ச்சி என்றே அவர் நினைத்தார், அது தவறு.

காயம் ஆற உடல் நார்களை நெய்கிறது. கொழுப்போ வைரஸோ மதுவோ ஆண்டுக்கணக்கில் ஈரலைப் புண்படுத்தினால் தழும்பும் சேர்ந்துகொண்டே போகும். தழும்பு ஈரலின் வேலையைச் செய்யாது. மென்மையான ஈரல் இறுகி முடிச்சு முடிச்சாகிறது. குடலிலிருந்து வரும் இரத்தம் அதனுள் இலகுவாகப் புக முடியாமல் அழுத்தம் ஏறி, வயிற்றில் நீர் சேர்கிறது. வாப்பாவுக்குச் சாரம் ஏன் இறுகியது என்று அப்போதுதான் விளங்கிற்று.

லெனெக்கின் நெஞ்சையும் காசநோய் அரித்தது. 1826இல் பிரிட்டனிக்குத் திரும்பியவர், தம் உறவினன் மெரியாடெக்கிடம் தம் நெஞ்சைக் கேட்கச் சொன்னார். பிறரின் நெஞ்சுகளில் தாம் பலமுறை கேட்டறிந்த அதே ஒலிகளைத்தான் அவன் விவரித்தான். அவ்வாண்டு ஓகஸ்ட் 13இல், 45 வயதில், அவர் காலமானார். ஸ்டெதஸ்கோப்பை அந்த உறவினனுக்கே விட்டுச் சென்றார்.

இதையெல்லாம் உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் அறிக்கையை எடுத்துத் தந்தார். வியாழக்கிழமை கிளினிக்குக்கு வாப்பாவோடு நானும் போகிறேன்.